அமைச்சரின் தொலைபேசி வரும் முன்பே முடிந்துவிடும் வேலை

கொழும்பில் ஊடகக் கற்கை படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: நம் நாட்டில் பத்திரிகையும் தொலைக்காட்சியும் அரசாங்கத்துக்குப் பயந்து நடக்கின்றனவா, முதலாளி சொல்வதைச் செய்கின்றனவா, அல்லது சனங்களுக்குப் பிடித்ததைக் கொடுக்கின்றனவா? வகுப்பில் அடிக்கடி வரும் ‘கருத்தியல்’ என்பது இதில் எங்கே வருகிறது?

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றும் நடக்கிறது. ஆனால் பயமும் பணமும் வெளியே தெரிகிற காரியங்கள். எது செய்தி, யார் சொன்னால் நம்பலாம், ‘நாட்டு மக்கள்’ என்றால் யார் யார் என்பதைப் பற்றி ஆசிரியபீடத்தில் இருப்பவர்கள் யோசிக்காமலே ஏற்றுக்கொண்ட முடிவுகள் சில இருக்கின்றன. அவைதான் அதிகம் வேலை செய்கின்றன. கருத்தியல் என்று நான் சொல்வது அந்த முடிவுகளைத்தான். இலங்கையில் அவை இத்தனை காலம் கலையாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஒரு மொழியில் எழுதப்படுவது அடுத்த மொழி வாசகரின் கைக்குப் போவதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சொத்து யாருடையது என்பதிலிருந்து தொடங்கலாம். கோட்டைப் பக்கம் பேரை வாவியை ஒட்டி நிற்கும் லேக் ஹவுஸ் கட்டடத்தை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். நம் ஆட்கள் ஏரிக்கரை என்பார்கள். டீ. ஆர். விஜேவர்தன உருவாக்கிய நிறுவனம் அது. தினமின, டெய்லி நியூஸ், ஒப்சேவர், 1932இல் தொடங்கிய தினகரன் எல்லாம் அங்கிருந்து வருபவை. விஜேவர்தனவின் சகோதரி மகன் ஜே. ஆர். ஜயவர்தன. மகள் வயிற்றுப் பேரன் ரணில் விக்கிரமசிங்க. இருவருமே ஜனாதிபதி நாற்காலியில் இருந்தவர்கள். விஜேவர்தனவின் மகன் ரஞ்சித் பிற்காலத்தில் தொடங்கிய நிறுவனம்தான் லங்காதீப, டெய்லி மிரர், சண்டே டைம்ஸ், தமிழ் மிரர் எல்லாவற்றையும் நடத்துகிறது. ரஞ்சித்தின் மகன் ருவன் 2015க்குப் பிறகு பாதுகாப்பு இராஜாங்க அமைச்சராக இருந்தார். 1981இல் திவயின, தி ஐலன்ட் பத்திரிகைகளைத் தொடங்கிய உபாலி விஜேவர்தனவும் அதே குடும்பம்தான். ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் ஒரு நாட்டின் பத்திரிகையும் அரசியலும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று தட்டிக் கேட்பது எப்படி?

1973இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் ஏரிக்கரையைச் சட்டம் போட்டு எடுத்தபோது சொன்ன காரணமும் இதுதான். ஒரு குடும்பத்தின் பிடியிலிருந்து எடுத்து உரிமையைப் பரவலாக்கப் போகிறோம் என்றார்கள். 75 வீதமான பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற அரச அதிகாரியிடம் போயின. அங்கிருந்து பொதுமக்களிடம் போக வேண்டிய பங்குகள் அரை நூற்றாண்டு கடந்தும் போகவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி வந்தது, சுதந்திரக் கட்சி வந்தது, பொதுஜன பெரமுன வந்தது. யாரும் அந்தச் சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றவில்லை. ஆட்சி மாறினால் ஏரிக்கரையில் தலைவரும் ஆசிரியர்களும் மாறுவார்கள், அவ்வளவுதான். திறனாய்வாளர் கைலாசபதி போன்ற ஒருவர் தினகரன் ஆசிரியராக இருந்து ஈழத்து இலக்கியத்துக்கே ஒரு பாதை போட்டது, தேசியமயமாக்கலுக்கு முந்திய கதை. அதையும் சொல்லத்தான் வேண்டும்: முதலாளியின் பத்திரிகைக்குள்ளும் ஒரு நல்ல ஆசிரியருக்கு இடம் கிடைத்தது.

தொலைக்காட்சிக் கதை இன்னும் கடினம். ரூபவாஹினி 1982இல் ஜப்பானிய உதவியுடன் வந்தது. சுயாதீன தொலைக்காட்சியைத் தனியார் 1979இல் தொடங்க, அந்த ஆண்டிலேயே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் தனியார் அலைவரிசைகள் பெருகின. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அலைவரிசை என்பது பொதுமக்களுக்குச் சொந்தமான, அளவான ஒரு வளம், அதை அரசாங்கத்தின் கைக்குள் இருக்கும் ஓர் அமைப்பிடம் விட முடியாது என்ற கருத்தில் நீதிமன்றம் அந்தச் சட்டமூலத்தை நிறுத்தியது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த இடத்துக்குச் சுயாதீனமான ஒரு அமைப்பு வரவே இல்லை. உரிமம் கொடுப்பது அமைச்சர். அதனால் தனியார் அலைவரிசை வைத்திருப்பவருக்கு அரசியலோடு நெருக்கம் தேவைப்படுகிறது, அரசியல்வாதிக்கு அலைவரிசை தேவைப்படுகிறது. தெரண தொலைக்காட்சியை நிறுவிய திலித் ஜயவீர 2024இல் ஜனாதிபதி வேட்பாளராகவே நின்றார். அரச வங்கிகள், அமைச்சுகள், கூட்டுத்தாபனங்களின் விளம்பரமும் இதே கயிற்றின் இன்னொரு இழை. அந்த விளம்பரம் ஒரு மாதம் நின்றால் சிறிய பத்திரிகை தள்ளாடும்.

சரி, இனி ஆசிரியபீடத்துக்குள் வருவோம், ஏனென்றால் பாடப்புத்தகங்கள் அதிகம் போகாத இடம் அது. நான் ஒரு தமிழ் நாளேட்டில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், இரவில் மேசைக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை யாரோ தயாரித்து அனுப்பியவை. அரசாங்கத் தகவல் திணைக்களம், பொலிஸ் ஊடகப் பிரிவு, ஜனாதிபதி ஊடகப் பிரிவு, பாதுகாப்பு அமைச்சு. பெரும்பாலும் சிங்களத்தில் வரும். தமிழாக்கி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் ஏற்ற வேண்டும். நேரமோ குறைவு. அதே சமயம் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ பிராந்திய நிருபர் தொலைபேசியில் அதே சம்பவத்தை வேறு மாதிரிச் சொல்வார். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, பிரசுரமாகும் செய்திக்குத்தான் காசு. பொலிஸ் அறிக்கையில் இலச்சினையும் கையொப்பமும் இருக்கும். நிருபரிடம் இருப்பது, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் சொன்ன வார்த்தைகள். மேசையில் யாராவது, “அதை உறுதிப்படுத்த ஏலாதே” என்பார்கள். பொலிஸ் அறிக்கையை உறுதிப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

அப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். முதல் பந்தி ‘பொலிஸார் தெரிவித்தனர்’ என்று முடியும். தாயின் வார்த்தை கடைசிப் பந்திக்குப் போகும். ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு மரண அறிவித்தலோ வங்கி விளம்பரமோ வந்தால் இடம் தேவை, செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். தாய் போய்விடுவாள். காலையில் வீட்டு வாசலில் விழும் பத்திரிகையில் அரசாங்கத்தின் கதை மட்டும் இருக்கும். இதற்காக எந்த அமைச்சரும் தொலைபேசி எடுக்கவில்லை, முதலாளிக்கு அப்படி ஒரு செய்தி வந்ததே தெரியாது. மேசையில் இருந்த எல்லோரும் தமிழர், எல்லோருக்கும் அந்தத் தாய் சொன்னதுதான் உண்மை என்று மனதில் பட்டிருக்கும். இருந்தும் அது நடக்கும். முசோலினியின் சிறையில் கிடந்த இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி, ஆள்பவர்களின் பலம் தடியில் மட்டும் இல்லை, ஆளப்படுபவர்களின் சம்மதத்திலும் இருக்கிறது என்று எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். எனக்கு அது விளங்கியது பக்கம் மூடும் நேரத்தில்தான்.

மலையகச் செய்திகளையும் இப்படி எடுத்துப் பாருங்கள். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோதும், 2024இல் 1,700 என்று தொடங்கிய பேச்சு 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் நின்றபோதும், கொழும்பின் பொருளாதாரப் பக்கங்களில் முதலில் பேசியது தோட்டக் கம்பனிகள். உற்பத்திச் செலவு, ஏலவிலை, கென்யாவின் போட்டி. தொழிலாளி பெரும்பாலும் படத்தில் கொழுந்துக் கூடையோடு நிற்பார், வாக்கியத்தில் இருக்க மாட்டார். ஒரு லயத்து வீட்டின் மாதச் செலவு எவ்வளவு என்று அதே பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினால் விவாதமே வேறு திசைக்குப் போகும். அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு முன்னோடி கொழும்பிலேயே இருக்கிறார். 1920களில் கோதண்டராம நடேசய்யர் தேசபக்தன் பத்திரிகையைத் தோட்டத் தொழிலாளரின் குரலாக நடத்திக் காட்டினார்.

இதுவரை சொன்னது சாதாரண நாட்களின் கதை. 1983 ஜூலை அசாதாரணமான நாட்கள். 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் மாலை பொறளை கனத்தை மயானத்தில் திரண்ட கூட்டத்திலிருந்து தமிழருக்கு எதிரான வன்முறைத் தீ பரவியது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை எரிந்தன. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் கையில் வானொலி இருந்தது, ஒரு வருடம் ஆன புதிய தொலைக்காட்சி இருந்தது. அவர் திரையில் தோன்றியது 28ஆம் திகதி. கோயில்களிலும் பாடசாலைகளிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அகதிகளாகக் குந்தியிருந்த தமிழர்களுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை அந்த உரையில் இல்லை. சிங்கள மக்களின் மனக்குறையைப் பற்றியும், பிரிவினையைத் தடை செய்யும் சட்டத்தைப் பற்றியும் பேசினார். ஆகஸ்டில் அந்தச் சட்டம் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தமாக வந்தது.

இந்த உரையை நான் அடிக்கடி மாணவர்களுக்கு எடுத்துக் காட்டுவது ஒரு காரணத்துக்காக. அதில் பொய்யான தகவல் எது என்று தேடினால் விஷயம் கை நழுவிவிடும். ஒரு நாட்டின் தலைவர் ‘மக்களுக்கு’ உரை நிகழ்த்துகிறார், அந்த மக்களுக்குள் அடிபட்டவர்கள் இல்லை. அதைக் கேட்ட இலட்சக்கணக்கான பேருக்கு அது இயல்பாகவே பட்டது. பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தைத் தன் வீட்டு அறையில் ஒளித்துக் காப்பாற்றிய சிங்களவர்களும் அதே உரையைக் கேட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் செய்த காரியத்துக்கு அந்தத் திரையில் இடமே இருக்கவில்லை.

மேசைப் பழக்கத்தால் ஒரு உண்மையை அடக்க முடியாதபோதுதான் துப்பாக்கி வருகிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்ற நிருபர் அந்த உடல்களைப் படம் எடுத்தார். சுடர் ஒளி என்ற தமிழ் நாளேடு அவற்றை வெளியிட்டது. தலையில் பாய்ந்த துப்பாக்கிச் சூட்டின் காயங்கள் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. உத்தியோகபூர்வக் கதை ஒரே நாளில் உடைந்தது. ஜனவரி 24ஆம் திகதி காலை வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாக்கியத்தை ‘உறுதிப்படுத்த முடியாது’ என்று கடைசிப் பந்திக்குத் தள்ளலாம். படத்தை அப்படித் தள்ள முடியவில்லை.

கொல்லப்பட்ட, காணாமலாக்கப்பட்ட, சிறை சென்ற மற்றவர்களைப் பாருங்கள். மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் வைத்துக் கொல்லப்பட்டவர், வீரகேசரிக்கு மட்டும் எழுதவில்லை. பிபிசி சிங்கள சேவைக்கும் ராவய சிங்கள வார ஏட்டுக்கும் செய்தி கொடுத்தவர். தராக்கி என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம், 2005 ஏப்ரல் 28ஆம் திகதி பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு மறுநாள் பாராளுமன்றத்துக்கு அருகே சடலமாகக் கிடந்தவர், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். ஜே. எஸ். திசைநாயகத்துக்கு 2009இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 20 வருடக் கடூழியச் சிறை கிடைத்தது ஆங்கிலத்தில் வந்த கட்டுரைகளுக்காக. 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார், 2010 ஜனவரியில் பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்டார். இருவரும் சிங்களவர், சிங்கள ஆட்சியாளர்களை அவர்களின் சொந்த மக்களுக்கு முன்னால் கேள்வி கேட்டவர்கள். தமிழில் மட்டுமே எழுதியவர்களும் ஏராளமாகச் செத்தார்கள், யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகையின் அலுவலகத்துக்குள்ளேயே 2006 மே மாதம் சுட்டார்கள். ஆனாலும் ஒரு பக்கத்து உண்மையை மறுபக்கத்துக்குக் கொண்டுபோனவர்கள் மேல் இவ்வளவு அடி விழுந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மொழிச் சுவரின் கொடுமை 2019இல் இன்னொரு தடவை தெரிந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதம் கழித்து, மே 23ஆம் திகதி திவயின முன்பக்கத்தில் ஒரு செய்தி: ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குச் சத்திரசிகிச்சையின்போது இரகசியமாகக் கருத்தடை செய்தாராம். பெயர் போடவில்லை, ஆதாரம் இல்லை. அடுத்த நாட்களில் குருநாகல் ஆஸ்பத்திரி மருத்துவர் ஒருவர் கைது செய்யப்பட்டார், பெண்கள் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்றார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்துக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. அவர் ஜூலையில் பிணையில் வந்தார். பல வருடம் கழித்து வேலை திரும்பக் கிடைத்தது. நிலுவைச் சம்பளத்தை நாட்டின் மருந்துத் தட்டுப்பாட்டுக்காகக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பொய்யை இத்தனை பேர் நம்பியதற்கு, முஸ்லிம்கள் பெருகிச் சிங்களவர் குறைந்துவிடுவார்கள் என்ற பயம் முன்பே மனங்களில் பரப்பப்பட்டிருந்தது காரணம். கருத்தியல் ஒரு செய்தியை நம்பும்படி முன்கூட்டியே தயார் செய்து வைக்கிறது. பத்திரிகை அதற்கு ஒரு எண் கொடுக்கிறது, 4,000 என்று. தேர்தல் வருகிற ஆண்டில் அரசியல் அதை எடுத்துக்கொள்கிறது. நவம்பரில் நாட்டின் பாதுகாப்பை முன்வைத்து ஒரு ஜனாதிபதி வந்தார். நீங்கள் கேட்ட மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னுகின்றன என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் நம் காலத்தில் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நம் தமிழ்ப் பத்திரிகைகளை விட்டுவிடுவது நியாயமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். தமிழ் பேசும் அயலவர்களுக்கு நடந்த இந்த அநியாயத்தைத் தமிழ் ஊடகம் அதற்குரிய கனத்தோடு எழுதவில்லை. பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போன கதைகளும் அப்படித்தான் அமுங்கின. புலிகளின் துப்பாக்கிப் பயம் ஒரு காரணம், உண்மை. ஆனால் கொழும்பில் இருந்தவர்களுக்கும் அதை எழுதக் கை வரவில்லையே. ‘எங்கள் சனம்’ என்ற வட்டம் அந்த வேளையில் எவ்வளவு சுருங்கியிருந்தது என்பதுதான் அதில் தெரிகிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் இன்றும் சாதியைப் போடுகிறோம், அதே பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தில் சமத்துவம் கேட்கிறோம். பேரினவாதத்தைப் பற்றி நாம் சொல்வதைச் சிங்கள வாசகர் நம்ப வேண்டுமென்றால், இவற்றையும் நாமே எழுத வேண்டும்.

வாசகர்கள் ஏமாளிகள் இல்லை என்பதையும் உங்கள் ஆய்வில் சேருங்கள். போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளில் பெரியவர்கள் அரச வானொலிச் செய்தியைக் கேட்டு, இரவு பிபிசி தமிழோசையையும் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் உண்மையை ஊகித்தார்கள். அரச வானொலியினூடாக ஒலிபரப்பான பிபிசி சேவையில் கை வைக்கப்படுகிறது என்று சொல்லி 2009 பெப்ரவரியில் பிபிசி அதை நிறுத்தியதே, போரின் கடைசி மாதங்களில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள். சிங்கள வீடுகளுக்கு அப்படி ஒரு ஒப்பீடு தேவைப்பட்டதே குறைவு. அவர்களுடைய அரசாங்கம், அவர்களுடைய மொழி, அவர்களுடைய வெற்றி.

அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது 2022இல். காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, மின்வெட்டு. தொலைக்காட்சி சொல்வதும் வரிசையில் நிற்பவர் அனுபவிப்பதும் பொருந்தவில்லை. மார்ச் 31இல் ஜனாதிபதியின் வீடு இருந்த மிரிஹானவில் தொடங்கிய போராட்டம் காலிமுகத்திடலுக்கு வந்தது. ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்தார்கள், ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மே 18ஆம் திகதி அதே காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, கஞ்சி பரிமாறப்பட்டது. 2009இல் அதே நாட்களில் கொழும்புத் தெருக்களில் வெற்றியைக் கொண்டாடக் கிரிபத் என்ற பாற்சோறு கொடுத்ததை நேரில் கண்டவர்களுக்கு அது எத்தனை பெரிய மாற்றம் என்று தெரியும். ஜூலை 13ஆம் திகதி போராட்டக்காரர்கள் ரூபவாஹினிக்குள்ளேயே போனார்கள். எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கருத்தியல் நிரந்தரமானது இல்லை என்பதற்கு அந்த மாதங்கள் சாட்சி.

சமூக ஊடகம் இந்த மொழிச் சுவரைத் தாண்டிவிடாதா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். சில சமயம் தாண்டுகிறது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைக் கவனிக்கப் பேஸ்புக்கிடம் போதிய ஆட்கள் இருக்கவில்லை. 2020இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பணம், மொழி, அக்கறையின்மை என்ற அதே சங்கதிகள் அங்கும் இருக்கின்றன, முதலாளி மட்டும் கலிபோர்னியாவில். அரசாங்கம் இதற்கு மருந்தாகக் கொண்டுவந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரி 24ஆம் திகதி நிறைவேறியது. எது பொய்யான கூற்று என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு ஆணைக்குழுவுக்குப் போகிறது. வெறுப்புப் பேச்சைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் 2006இல் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் திருகோணமலைப் படங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

உங்கள் ஆய்வுக்கு ஒரு வழி சொல்கிறேன். கோட்பாட்டு அத்தியாயத்தை இப்போதைக்கு வையுங்கள். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது, அங்கே பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். தமிழ்ப் பத்திரிகைகள் பல நூலகம் இணையத்தளத்திலும் கிடைக்கும். மூன்று திகதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 1983 ஜூலை 29, 2006 ஜனவரி 4, 2019 மே 24. ஏரிக்கரையிலிருந்து மூன்று மொழியிலும் வந்த பத்திரிகைகளையும், கூடவே ஒரு தனியார் தமிழ்ப் பத்திரிகையையும் ஒரு தனியார் சிங்களப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் பந்தியில் யார் பேசுகிறார், கடைசிப் பந்தியில் யார், பக்கத்திலேயே இல்லாதவர் யார் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். சிங்களம் வாசிக்கக் கஷ்டம் என்றால் சிங்களம் தெரிந்த ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்ப் பக்கத்தை நீங்கள் அவருக்கு வாசித்துச் சொல்லுங்கள்.